கிராமத்துக் கழிவுநீர் எங்கே போகும்?

இந்தியாவின் வடமேற்கில் உள்ள பஞ்சாப் மாநிலத்தில் பியாஸ், சட்லெஜ் என்னும் இரு பேராறுகள் ஓடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வளமான நிலப்பகுதியைத் ‘தோவாபா’ என்று அழைப்பர். கோதுமையும் நெல்லும் விளையும் அந்த வயல்களின் நடுவே காளி பெயீன் என்னும் சிற்றாறு செல்கிறது. பஞ்சாபி மொழியில் ‘காளி’ என்றால் கறுப்பு என்று பொருள். ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தனோவா என்னும் ஊருக்கு அருகில் தோன்றும் இவ்வாறு, சுல்தான்பூர் லோதி முதலிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடுகிறது. பிறகு, பியாஸும் சட்லெஜும் கூடும் ஹரிக்கே என்னும் இடத்தருகே கலக்கிறது.

சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக் பல ஆண்டுகள் சுல்தான்பூர் லோதியில் வாழ்ந்தார். அவர் இவ்வாற்றில் நீராடி ஞானம் பெற்றார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. ஆகவே, காளி பெயீன் அவர்களுக்குப் புனித ஆறு. ஆனால், 2000ஆம் ஆண்டில் அந்தப் புனித ஆற்றில் கால் வைக்கவும் மக்கள் தயங்கினர். பல இடங்களில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகாயத் தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோல் ஆற்றை மூடியிருந்தது. அதன் அடியில் கறுத்த சேறும் குப்பையும் தேங்கிக் கிடந்தன. கரையோரத்துக் கிராமங்களும் சிறு நகரங்களும் தங்கள் கழிவுநீரை அந்த ஆற்றில்தான் விட்டுக்கொண்டிருந்தன. வணங்கியவர்களே அதைச் சாக்கடையாகவும் ஆக்கியிருந்தார்கள்.

அம்மக்களை மட்டும் குறை கூறிவிட்டுப் போவது எளிது. அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

பஞ்சாப் கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு குளம் உண்டு. பழங்காலத்தில் வீடுகளிலிருந்து வெளியேறிய நீர் மிகக் குறைவு. கிணற்றிலிருந்து இறைத்துக் குடத்தில் சுமந்து வந்த தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் தெருவோரக் கால்வாய் வழியாகக் குளத்தை அடைந்தன. எருமைகள் அதே குளத்தில் நீந்தின. கோடையில் குளம் வற்றும்போது, மண் வீடுகளின் சுவரைப் பூசுவதற்காக மக்கள் அதன் அடியிலிருந்து களிமண்ணை வெட்டி எடுத்துச் சென்றனர். அதனால் குளம் ஆண்டுதோறும் தானாகவே தூர் வாரப்பட்டது. யாரும் அதற்கெனத் திட்டம் தீட்டவில்லை, கூலி கொடுக்கவுமில்லை.

பின்னர்ச் செங்கல் வீடுகள் வந்தன. சுவர் பூசக் களிமண் தேவைப்படவில்லை. ஆழ்குழாய்க் கிணறும் தண்ணீர்க் குழாயும் வந்தன. வீட்டுக்கு வீடு கழிவறையும் வந்தது. இவை எல்லாம் நல்ல மாற்றங்களே. ஆயினும், குளத்துக்கு வரும் நீர் பல மடங்கு பெருகியது. குளத்தைத் தூர் வாரும் பழக்கமோ நின்றுபோனது. நிரம்பிய குளம் தெருவில் வழிந்தது. கொசுவும் நோயும் பெருகின. அருகில் ஆறு இருந்த ஊர்கள் வாய்க்கால் வெட்டி அந்த நீரை ஆற்றுக்குத் திருப்பிவிட்டன. தம் தெரு சுத்தமானால் போதும் என்று ஒவ்வோர் ஊரும் எண்ணியது. இப்படிப் பல ஊர்களின் கழிவுநீர் சேர்ந்தே காளி பெயீனைக் கெடுத்தது.

ஒரு சிறிய கிராமத்தின் கழிவுநீர் எவ்வளவு இருக்கும்? இந்தியாவில் கிராமக் குடிநீர்த் திட்டங்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுகின்றன. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. அப்படியானால், 1,000 பேர் வாழும் கிராமத்திலிருந்து நாள்தோறும் 44,000 லிட்டர் வெளியேறும். ஓராண்டுக்கு அது ஒன்றரைக் கோடி லிட்டரைத் தாண்டும். ஊர் சிறியது என்பதால் அதன் கழிவும் சிறியது என்று சொல்ல முடியாது.

2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜலந்தர் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. காளி பெயீனின் நிலையைப் பற்றிப் பலரும் அங்கே கவலையுடன் பேசினர். சீச்சேவால் என்னும் கிராமத்தைச் சேர்ந்த பல்பீர் சிங் என்ற துறவியும் அதில் கலந்துகொண்டார். ஊரின் பெயரையே தம் பெயருடன் சேர்த்துப் பல்பீர் சிங் சீச்சேவால் என்று அழைக்கப்பட்ட அவர், முன்பே கிராமங்களுக்குச் சாலை போடும் பணிகளில் ஈடுபட்டவர். பேசியது போதும் என்று முடிவு செய்த அவர், ஆற்றைத் தூய்மைப்படுத்தும் வேலையைத் தொண்டர்களுடன் உடனே தொடங்கினார்.

சீக்கியர்களிடையே ‘கார் சேவா’ என்னும் மரபு உண்டு. கூலி பெறாமல் பொதுப் பணிக்கு உடல் உழைப்பைத் தருவதே கார் சேவா. அந்த மரபின்படி ஊர் ஊராக ஆட்கள் வந்தனர். சீச்சேவாலும் தொண்டர்களும் ஆற்றில் இறங்கி ஆகாயத் தாமரையைக் கையால் பிடுங்கினர். சேற்றை அள்ளினர். கரையை உயர்த்தி, அதன்மேல் பாதை அமைத்தனர், மரக்கன்றுகள் நட்டனர், சுல்தான்பூர் லோதியில் படித்துறைகள் கட்டினர். வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பின்னர் முக்கேரியான் நீர்மின் கால்வாயிலிருந்து ஆற்றுக்கு நல்ல நீர் திறந்துவிடப்பட்டது. நெடுநாள் தேங்கிக் கிடந்த ஆறு மீண்டும் ஓடியது.

இந்த இடத்தில் பலர் கதையை முடித்துவிடுவார்கள். உண்மையில் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

ஆகாயத் தாமரை ஆற்றின் நோயன்று, நோயின் அறிகுறி. தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடி, நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்த நீரில் வேகமாகப் பெருகும். சூழல் ஒத்துவந்தால் இரண்டு வாரத்தில் இரு மடங்காகிவிடும். மனிதக் கழிவிலும் சோப்புத் தூளிலும் இச்சத்துகள் நிறைய உள்ளன. கழிவுநீர் வந்துகொண்டிருக்கும்வரை, நூறு பேர் சேர்ந்து பிடுங்கினாலும் செடி மீண்டும் வளரும்.

ஆகவே, கழிவுநீரை ஆற்றில் விடாதீர்கள் என்று ஊர் மக்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால், அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘சரி, வேறு எங்கே விடுவது?’ இதற்குப் பதில் இல்லாமல் அறிவுரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பெரிய நகரங்களில் உள்ளதுபோல் இயந்திரங்கள் பொருத்திய சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமே என்று தோன்றும். அதற்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேண்டும். பழுதானால் உதிரிப் பாகங்கள் வேண்டும். ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊர் இச்செலவைத் தாங்காது.

சீச்சேவால் கண்ட விடை, ஊரின் பழைய குளத்திலேயே இருந்தது.

முதலில் தெருக்களின் அடியில் குழாய்கள் பதிக்கப்பட்டன. அவை ஊரின் தாழ்வான பகுதியை நோக்கிச் சற்றே சரிவாகச் செல்லும். அதனால் வீடுகளின் கழிவுநீர் பம்பு இல்லாமல் தானாகவே குளத்தங்கரைக்கு வந்துசேரும். அங்கே அது நேராகக் குளத்தில் விழாது. வட்டமாகக் கட்டப்பட்ட மூன்று தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். பார்ப்பதற்கு அவை அகன்ற கிணறுகளைப் போலவே இருக்கும்.

முதல் கிணற்றில் நீர் சுழன்றுகொண்டு நுழைகிறது. தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டுச் சற்று நேரம் விட்டால், தேயிலைத் தூள் கோப்பையின் நடுவில் குவிந்து அடியில் தங்குவதைப் பார்த்திருக்கலாம். அதுபோலவே மணலும் கனமான கழிவும் கிணற்றின் அடியில் படிகின்றன. இரண்டாம் கிணற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் மிதக்கும் பொருள்களும் மேலே தங்கிவிட, நடுவில் உள்ள நீர் மட்டும் அடுத்த கிணற்றுக்குச் செல்கிறது. மூன்றாம் கிணற்றில் எஞ்சிய துகள்களும் படிந்து, ஓரளவு தெளிந்த நீர் குளத்தை அடைகிறது.

ஓரளவு தெளிந்த நீர் தூய்மையான நீர் ஆகிவிடாது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு அதில் கரைந்திருக்கும். வீட்டுக் கழிவுநீரில் 99 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர்தான். எஞ்சிய சிறு பங்குதான் இவ்வளவு தொல்லைக்கும் காரணம்.

அந்த அழுக்கை நுண்ணுயிர்கள் உணவாகக் கொள்கின்றன. அவ்வாறு உண்ணும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, அவை பயன்படுத்துகின்றன. 25 பாகை செல்சியஸில், தூய்மையான ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளிதான் கரைந்திருக்கும். ஆனால், ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குப் பெரும்பாலும் 200 மில்லிகிராமுக்கு மேல் உயிர்வளி தேவைப்படும். ஒரு லிட்டர் கழிவுநீர் ஆற்றில் கலந்தால், இருபத்தைந்து லிட்டர் ஆற்று நீரில் உள்ள உயிர்வளி முழுவதும் தீர்ந்துபோகும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். கழிவுநீரில் உள்ள நஞ்சினால் மட்டுமே மீன்கள் சாகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அவை மூச்சுத் திணறியே சாகின்றன.

குளத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால், அங்கே அதற்கு இடமும் நேரமும் இருக்கின்றன. குளம் அகலமானது, ஆழம் குறைந்தது. வெயில் அதன்மேல் நன்கு படுகிறது. வெயிலில் பச்சைப் பாசிகள் வளர்ந்து ஒளிச்சேர்க்கை செய்து, நீருக்குள் உயிர்வளியை வெளியிடுகின்றன. நுண்ணுயிர்கள் அதைப் பெற்று அழுக்கைச் சிதைக்கின்றன. சிதைந்த அழுக்கிலிருந்து வெளிவரும் சத்துகள் பாசிக்கு உணவாகின்றன. ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும் இக்கூட்டத்துக்கு மின்சாரம் தேவையில்லை, சம்பளமும் இல்லை. பல நாள் வெயில் பட்ட நீரில் நோய்க்கிருமிகள் பெருமளவு அழிகின்றன. மலேசியாவில் செம்பனை ஆலைகளுக்கு அருகே வரிசையாக வெட்டப்பட்டிருக்கும் குளங்களைக் கண்டவர்கள் உண்டு. ஆலைக் கழிவுநீரை நுண்ணுயிர்களிடம் ஒப்படைக்கும் இடங்களே அவையும்.

இதுவரை சொன்னவற்றில் புதுமை அதிகம் இல்லை. குளத்தில் கழிவுநீரைத் தெளியவைப்பது உலகின் பல நாடுகளில் உள்ள முறைதான். சீச்சேவாலின் திட்டத்தைத் தனித்துக் காட்டுவது அதன் கடைசிப் படி. குளத்து நீர் ஆற்றுக்குப் போவதில்லை. ஒரு பம்பு அதை இறைத்து, குழாய் வழியாக வயல்களுக்கு அனுப்புகிறது.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தியாவின் சுற்றுச்சூழல் விதிகளைப் பார்த்தால் ஒரு காரணம் புரியும். சுத்திகரித்த நீரை ஆற்றில் விட வேண்டுமானால், அதில் எஞ்சியுள்ள அழுக்குக்குத் தேவைப்படும் உயிர்வளி ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2017வரை இருந்த விதி கூறியது. அதே நீரை நிலத்தில் பாசனத்துக்கு விட்டால் 100 மில்லிகிராம்வரை அப்போது ஏற்கப்பட்டது. எஞ்சிய வேலையை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்துமுடித்துவிடும். ஆற்றில் ஆகாயத் தாமரையை வளர்த்த அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும் வயலில் கோதுமையை வளர்க்கும். விவசாயி காசு கொடுத்து வாங்கும் உரத்தில் இருப்பவையும் இச்சத்துகளே.

மற்றொரு காரணம் தண்ணீர்ப் பஞ்சம். பஞ்சாபின் வயல்கள் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியுள்ளன. நெல் சாகுபடி பெருகியபின் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. மேலே கணக்கிட்ட சிறிய கிராமத்தின் ஆறு நாள் கழிவுநீரைச் சேர்த்தால், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். கோதுமைக்கு ஒரு முறை பாய்ச்ச அது போதும். அந்த அளவுக்கு ஆழ்குழாய்க் கிணறு ஓய்வெடுக்கும்.

மூன்றாவது காரணம் விதிகளிலும் கணக்குகளிலும் இல்லை, ஆனால், வலிமையானது. குழாய் அடைத்துக்கொண்டாலோ குளம் நாறினாலோ யார் முதலில் கவனிப்பார்கள்? ஆற்றுக்குப் போகும் நீர் என்றால் எவரும் கவனிக்காமல் இருந்துவிடலாம். தன் கோதுமைக்கு வரவேண்டிய நீர் என்றால் விவசாயி மறுநாள் காலையிலேயே வந்து கேட்பார். கிராமங்களில் கட்டப்பட்ட எத்தனையோ பொதுத் திட்டங்கள் பராமரிக்க ஆளின்றிப் பாழாவதுண்டு. இத்திட்டத்தில் கவனிப்பதற்கான காரணம் அமைப்பிலேயே சேர்ந்திருக்கிறது.

காளி பெயீன் உயிர்பெற்ற செய்தி மெல்லப் பரவியது. இராமேசுவரத்தில் பிறந்து இந்தியாவின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம், 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுல்தான்பூர் லோதிக்கு வந்து அந்த ஆற்றை நேரில் பார்த்தார். 2008இல் அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழ், சுற்றுச்சூழலைக் காத்த வீரர்களின் பட்டியலில் சீச்சேவாலின் பெயரையும் சேர்த்தது. 2017இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பஞ்சாபின் பல கிராமங்கள் இம்முறையைப் பின்பற்றின. கங்கைக் கரையில் உள்ள கிராமங்களுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது.

விருதுகள் வந்துவிட்டன என்பதற்காகக் குறைகள் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இம்முறை வீட்டுக் கழிவுநீருக்கு மட்டுமே பொருந்தும். பஞ்சாபின் லூதியானா நகரில் ‘புத்தா நாலா’ என்னும் ஓடை இருக்கிறது. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் கலக்கிறது. சாயத்தையும் உலோகங்களையும் நுண்ணுயிர்களால் உண்டு தீர்க்க முடியாது. அத்தகைய நீர் கிராமக் குளத்துக்குள் வந்தால், அங்கே உழைக்கும் நுண்ணுயிர்களே மடிந்துபோகும், மண்ணும் கெடும்.

பாசனத்திலும் எச்சரிக்கை வேண்டும். குளத்து நீரில் கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் முழுவதும் ஒழிந்துவிட்டன என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே, கோதுமை போன்ற பயிர்களுக்கு அதைப் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் முள்ளங்கிக்கும் வெள்ளரிக்கும் பாய்ச்சுவது ஆபத்து. வயலில் இறங்கி வேலை செய்பவர்கள் கைகால்களை நன்றாகக் கழுவிக்கொள்ளவும் வேண்டும்.

ஆற்றின் கதையும் முடிந்துவிடவில்லை. எல்லா ஊர்களும் ஒரே நேரத்தில் மாறவில்லை. மேலே உள்ள ஏதோ ஓர் ஊரிலிருந்து சுத்திகரிக்காத நீர் ஆற்றுக்குள் வந்துவிட்டால், கீழே சுல்தான்பூர் லோதியில் மீன்கள் செத்து மிதக்கும். தூய்மைப் பணிக்குப் பின்பும் ஒருமுறைக்கு மேல் அப்படி நடந்திருக்கிறது. தண்ணீர் குறைந்து, வெயிலில் உயிர்வளியும் குறையும் கோடைக்காலத்தில் இந்த ஆபத்து கூடும். அப்போது ஆற்றைக் காப்பவர்கள் கரையோரமாக மேல்நோக்கிச் சென்று, எந்த வாய்க்காலிலிருந்து கறுப்பு நீர் வருகிறது என்று தேட வேண்டியுள்ளது.

கிராமத்திலும் ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. மூன்று கிணறுகளின் அடியிலும் கசடு சேர்ந்துகொண்டே இருக்கும். அதை அகற்றாவிட்டால் நீர் தங்க இடமின்றி, அழுக்கோடு குளத்துக்குள் பாய்ந்துவிடும். குளத்தையும் தூர் வார வேண்டும். மழைக்காலத்தில் வயல்களுக்குக் குளத்து நீர் தேவைப்படாது. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரோ நிற்காது. மழைநீரும் கழிவுநீரும் சேர்ந்து குளம் விளிம்புவரை ஏறும். அந்த நாள்களுக்காகக் குளத்தில் முன்கூட்டியே இடம் விட்டுவைக்க வேண்டும். அதனால் பருவமழை தொடங்குமுன்பே பம்பை ஓடவிட்டு நீரை வயல்களுக்கு அனுப்பி, கிணறுகளைத் திறந்து கசட்டை அள்ளுகிறார்கள். முன்பு மண் சுவர் பூசுவதற்காக இதே குளத்தில் களிமண் வெட்டியதும் மழைக்கு முந்தைய அந்தக் கோடை மாதங்களில்தான்.